லெட்டர்ஹெட்டின் மூன்றாவது வரி

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் அண்ணன் நாலு படம் அனுப்பியிருந்தான். கம்பெனிக்குப் புது லெட்டர்ஹெட், புது கவர், புது விசிட்டிங் கார்டு, புது பில். ஏதோ ஒரு ஏஜென்சியிடம் காசைக் கொட்டிச் செய்திருக்கிறான். கீழே, எல்லாரும் பார்த்துவிட்டு எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள் என்று ஒரு வரி. உடனே ஆரம்பித்துவிட்டார்கள். கட்டைவிரல், கும்பிடு, பூங்கொத்து, கைதட்டல். பெரியப்பா இரண்டு ரோஜாப்பூ போட்டார். ஒருவர்கூடப் படத்தைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியும். ஏனென்றால் அந்த லெட்டர்ஹெட் கேவலமாக இருந்தது. எழுத்தெல்லாம் தங்க நிறம். பின்னால் பாதிப் பக்கத்தை அடைத்துக்கொண்டு மங்கலாக ஒரு பம்ப். அதன்மேல் கடிதம் அடித்தால் எது கடிதம், எது பம்ப் என்று கண்டுபிடிக்க ஆள் வைக்க வேண்டும். அடியில் மூன்று பெயர்கள்: பெரியப்பா, என் அப்பா, அண்ணன்.

அக்கா மட்டும்தான் ஒழுங்காகப் பார்த்திருந்தாள். அக்கா என்றால் பெரியப்பாவின் மகள், அண்ணனோடு கூடப் பிறந்தவள், அவனுக்கு மூத்தவள். பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்துக்காரக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்து வருஷக்கணக்காகிறது. அவள் எழுதியிருந்தாள்: "இடது பக்கம் இன்னும் கொஞ்சம் இடம் விடோணும். பைல்ல போடறதுக்குப் பஞ்ச் பண்ணுனா எழுத்துல ஓட்டை விழுகும். ஜெராக்ஸ் எடுத்தா தங்கக் கலர் விழுகாது, கம்பெனி பேரே காணாமப் போயிரும்."

அதற்கு அண்ணன் ஒரு கும்பிடு போட்டான். அவ்வளவுதான். அதற்கு அடுத்து மாமா ஒருவர் 'அருமை மாப்பிள்ளை' என்று போட, எல்லாரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனேன். என் வீட்டுக்காரர், ஒரு லெட்டர்ஹெட்டுக்கா இத்தனை கோபம் என்று கேட்டார். ஒரு லெட்டர்ஹெட்டுக்கு இல்லை. இதற்கு முந்தைய லெட்டர்ஹெட்டுக்கு.

அப்போது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். சிங்காநல்லூரில் எங்களுக்கு ஒரு பவுண்டரி. பம்புக்குள்ளே சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம் ஒன்று உண்டு, இம்பெல்லர் என்பார்கள். அதை வார்த்து, கடைந்து, பெரிய பம்ப் கம்பெனிகளுக்குக் கொடுப்பது தொழில். பெரியப்பாவும் அப்பாவும் பார்ட்னர்கள். ஒரே வீட்டில்தான் எல்லாரும் இருந்தோம்.

அந்தக் காலத்துக் கம்பெனிக் காகிதத்தைப் பார்த்தவர்களுக்குத் தலை சுற்றும். உச்சியில் பிள்ளையார். இடது பக்கம் முருகன், வலது பக்கம் குலதெய்வமான அம்மன், நடுவில் 'துணை'. அதற்குக் கீழே ஒரு பம்ப், ஒரு பல்சக்கரம், அதிலிருந்து உதிக்கிற சூரியன். கம்பெனியின் பெயர் எங்கேயோ நடுவில் சிவப்பில். வரி நம்பர், பழைய போன் நம்பர், அதை அடித்துவிட்டுப் புது போன் நம்பர். கடிதம் எழுத மிச்சம் இருப்பது அடியில் நாலு விரல். விசிட்டிங் கார்டிலும் இதே கும்பல்தான், சின்னதாக. எனக்கு அது பிடிக்கும், பார்க்க நிறையப் படம் இருந்ததால். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வாங்கிய வடை எங்கள் கம்பெனிக் காகிதத்தில் சுற்றி வந்தது. பிள்ளையார் எண்ணெயில் ஊறியிருந்தார். அம்மா அதைப் பிரித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் சாமி அறையில் கொண்டுபோய் வைத்தாள். எறும்பு வந்தது.

பூனாவிலிருந்து ஒரு பெரிய கம்பெனி ஆள் பவுண்டரியைப் பார்க்க வந்தபோது பெரியப்பா விசிட்டிங் கார்டை எடுத்துக் கொடுத்தார். அந்த ஆள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாக, இதில் உங்கள் கம்பெனிப் பெயர் எது என்று கேட்டார். பெரியப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. பக்கத்தில் நின்ற அக்காதான் விரலை வைத்துக் காட்டினாள். அன்றைக்குச் சாயங்காலமே பெரியப்பா அவளைக் கூப்பிட்டு, நீதான் படித்திருக்கிறாயே, நீயே ஒன்று போட்டுக் கொடு என்று சொன்னார்.

அவள் விஸ்காம் படித்தவள். என்ன படிப்பு அது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. டவுன் பஸ்ஸில் போய்விட்டுப் பொழுது சாய்வதற்குள் வந்துவிடலாம், மாப்பிள்ளை அமைகிறவரை படிக்கட்டும் என்று சேர்த்துவிட்டார்கள். படிப்பு முடிந்தது, மாப்பிள்ளை அமையவில்லை. சும்மா இருக்காதே, ஆபீஸில் வந்து உட்கார் என்றார்கள். வந்து உட்கார்ந்தவள் ஒரு வருஷத்துக்குள் அந்த ஆபீஸையே தூக்கி நிறுத்திவிட்டாள். கொட்டேஷன், கடிதம், வடக்கேயிருந்து வருகிற போன், எல்லாம் அவள்தான். கடிதத்தை அவள் எழுதுவாள். கையெழுத்தைப் பெரியப்பாவோ அப்பாவோ போடுவார்கள், படித்துப் பார்க்காமலே. இன்னொரு பக்கம் ஜாதகமும் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது.

மாடியில் அவள் அறையில் கம்ப்யூட்டர் இருந்தது. அங்கேதான் லெட்டர்ஹெட், கவர், கார்டு, பில் என்று அந்தச் செட்டைப் போட்டாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். இம்பெல்லரை மேலேயிருந்து பார்த்தால் எப்படி இருக்குமோ அதை வளைந்த நாலைந்து கோடுகளில் வரைந்திருந்தாள். கருநீலம். அது ஒன்றுதான் படம். பக்கத்தில் கம்பெனிப் பெயர். பிறகு காகிதம் முழுக்க வெள்ளை. அடியில் வலது ஓரத்தில் பெயர்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக. முதல் வரி பெரியப்பா. இரண்டாவது வரி அப்பா. மூன்றாவது வரி அக்கா. மூன்றும் ஒரே அளவு எழுத்து.

அதை முதன்முதலில் பிரிண்ட் எடுத்த அன்று என்னிடம் காட்டி, "இது மட்டும் அச்சாகி வந்துருச்சுன்னா நான் எங்கீமு போகமாட்டேன் கண்ணு" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அக்காவின் பெயர் அச்சில் வந்தால் அக்கா எங்களோடுதான் இருப்பாள். எப்படி, ஏன் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. பத்து வயசில் அதெல்லாம் யார் கேட்பார்கள்? இப்போது புரிகிறது: பெயர் வந்தால் அவள் பார்ட்னர். கூடமாட எடுத்துச் செய்கிற வீட்டுப் பெண் இல்லை. அதற்கப்புறம் கல்யாணப் பேச்சை எடுக்கிறவன் அந்த இடத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் உட்கார்ந்து பார்ப்பதென்று முடிவாயிற்று. எங்கள் குடும்பத்தில் எதையும் ஒருவர் பார்த்து முடிவு செய்ததே கிடையாது. பெரியம்மாவின் தம்பியையும் கூப்பிட்டுவிட்டார்கள், எனக்கும் மாமா முறை. ஆர்.எஸ்.புரத்தில் பட்டுக்கடை வைத்திருந்தார். அதனால் கலர் என்று ஒன்று உலகத்தில் இருந்தால் அது தன்னைக் கேட்டுத்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கு எண்ணம்.

டீப்பாயின் மேல் நாலு காகிதத்தையும் அக்கா வரிசையாக வைத்தாள். வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டாள். அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் அப்பா. லெட்டர்ஹெட்டை எடுத்துக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ரூபாய் நோட்டா அது? கீழே வைத்துவிட்டு, நல்லாத்தான் இருக்குது, அண்ணன் என்ன சொல்றாங்களோ என்று பெரியப்பாவைப் பார்த்தார். அவர் ஆயுசுக்கும் சொன்ன ஒரே கருத்து அதுதான்.

பெரியப்பா, சாமி எங்கே என்று கேட்டார். சாமி இல்லாமல் எப்படிக் கடிதம் போவது? அக்கா வடை விஷயத்தை ஞாபகப்படுத்தினாள். காகிதம் என்றால் கசக்கித்தான் போடுவார்கள், காலில்தான் மிதிபடும் என்றாள். சரி, லெட்டரில் வேண்டாம், கவரிலாவது மூடுகிற மடிப்பில் சின்னதாக ஒரு பிள்ளையார் போடலாமே என்று மாமா புகுந்தார். கல்யாணப் பத்திரிகைக் கவரிலெல்லாம் அப்படித்தான் இருக்கிறதாம்.

"மடிப்பை எச்சத் தொட்டுத்தானுங்க மாமா ஒட்டுவாங்க" என்றாள் அக்கா.

எச்சில் பட்ட பிள்ளையாரை எல்லாரும் மனசுக்குள் பார்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமி விவகாரம் அத்தோடு முடிந்தது.

அது முடிந்ததும் கலர். நீலம் சனீஸ்வரனுக்கு உண்டானது, தொழிலுக்கு ஆகாது, மெரூன் போட்டால் எடுப்பாக இருக்கும் என்றார் மாமா. அவர் கடையில் அப்போது மெரூன் பட்டு தேங்கிக் கிடந்தது, அதனால் அவர் கண்ணுக்கு உலகமே மெரூனாகத் தெரிந்திருக்க வேண்டும். அக்கா, மெரூனைப் பேக்ஸில் அனுப்பினால் கறுப்புத் திட்டாக விழும் என்றாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை. பின்பு அந்தச் சின்னத்துக்கு வந்தார்கள்.

"ஏனுங்க மச்சான், நாம இனி ஜாங்கிரிக் கடை வெக்கறமுங்களா?" என்று மாமா பெரியப்பாவைக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உண்மையிலேயே ஜாங்கிரி மாதிரித்தான் இருந்தது. இருபது வருஷமாக இம்பெல்லர் வார்க்கிறவர்கள். தினம் கையில் எடுத்துத் தூசி தட்டுகிறவர்கள். அது இம்பெல்லர் என்று ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை. அக்கா சமையலறைக்குப் போய், முன்கூட்டியே சாக்குத்துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு நிஜ இம்பெல்லரைத் தூக்கிவந்து காகிதத்துக்குப் பக்கத்தில் டங்கென்று வைத்தாள். டீ டம்ளர் ஆடியது. அதற்கப்புறம் ஜாங்கிரிப் பேச்சு இல்லை.

ஆனால் மூன்று பேரும் சுற்றிச் சுற்றி வந்து நின்றது வெள்ளை இடத்தில்தான். இவ்வளவு இடம் எதற்குச் சும்மா கிடக்கிறது என்பதுதான் பெரிய குற்றச்சாட்டு. காசு கொடுத்து வாங்கிய காகிதமாயிற்றே. வேலியோரம்வரைக்கும் சோளம் விதைத்த குடும்பம், வெறும் நிலத்தைப் பார்த்தால் பொறுக்குமா? மாமா அதில் பம்ப் போடச் சொன்னார். அப்பா, அண்ணன் சொன்னால் போடலாம் என்றார். பெரியப்பா லெட்டர்ஹெட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கட்டைவிரல் மூன்றாவது வரியின்மேல் இருந்தது. எடுத்தார், வைத்தார், எடுத்தார்.

காலையிலிருந்து மதியச் சோறுவரைக்கும் பேசினார்கள். கலரைப் பற்றிப் பேசினார்கள், கவரைப் பற்றிப் பேசினார்கள், காகிதத்தின் கனத்தைத் தடவித் தடவிப் பேசினார்கள். அந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்கள் ஊர்க்காரர்களின் மரியாதையைப் பற்றி எல்லாரும் புகழ்ந்து பேசுவார்கள். அந்த மரியாதையோடு ஒரு வீட்டில் வளர்ந்து பார்க்க வேண்டும். 'மாட்டேன்' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'பாக்கலாமுங்க', 'செஞ்சரலாமுங்க', 'பெரியவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க'. கேட்டுக்கொண்டே இருக்கிறவள் கிழவியாகிவிடுவாள்.

மாமா மட்டும்தான் அந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் வந்தார். இலையில் கை கழுவிக்கொண்டே, "எதை அச்சடிச்சாலும் அஞ்சு வருசத்துக்கு மாத்தற சோலி இல்லாம இருக்கோணுமுங்க மச்சான்" என்றார். பெரியப்பா தலையாட்டினார். பரிமாறிக்கொண்டிருந்த அக்காவின் கரண்டி அப்படியே நின்றது. நான், மாமா மையைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன். நல்ல மையாகப் பார்த்துப் போட வேண்டும், சீக்கிரம் வெளுத்துவிடக் கூடாது.

அப்புறம்தான் பெரியப்பா பூக் கேட்கலாம் என்று சொன்னார்.

எங்கள் குலதெய்வம் சத்தியமங்கலத்துக்குப் பக்கம், பவானி ஆற்றங்கரையில். போர் போடுவதானாலும், பொண்ணு கொடுப்பதானாலும், இடம் வாங்குவதானாலும் அங்கே போய்ப் பூக் கேட்டுவிட்டுத்தான் செய்வார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். இரண்டையும் ஒரே மாதிரி வாழை இலையில் மடித்து நாரில் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். ஆனால் லெட்டர்ஹெட்டுக்கு யாராவது பூக் கேட்பார்களா? மகளின் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லை, அதற்கு அம்மனை ஆள் பிடித்தார். அவ்வளவுதான் விஷயம். அக்கா மறுக்கவில்லை. மனுஷர்களைவிடச் சாமி பரவாயில்லை என்று நினைத்தாளோ என்னவோ.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆம்னி வேனில் போனோம். அண்ணன் வரவில்லை, அவனுக்குக் காலேஜில் ஏதோ மேட்ச். அன்னூர் தாண்டுகிறவரை அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பிடித்த பிடியில் எனக்கு விரல் வலித்தது.

பூசாரி தட்டத்தை வாங்கிப் பார்த்தார். தேங்காய், பழம், வெற்றிலை, அதன்மேல் ஒரு வெள்ளைக் காகிதம். என்ன காரியம் என்று கேட்டார். அச்சு வேலை ஒன்று என்றார் பெரியப்பா. பூசாரிக்கு விளங்கவில்லை. மாமா விளக்கினார், அப்போதும் விளங்கவில்லை. கடைசியில் அவரே, தொழில் நல்லா நடக்குமா என்று கேட்டுவிடட்டுமா என்றார். எல்லாரும் நிம்மதியாகத் தலையாட்டினார்கள்.

பின்னால் நின்ற அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"என்ன கேக்கறமுன்னு சரியாச் சொல்லிக் கேளுங்கப்பா. அதுல பேரும் இருக்குது."

பெரியப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அம்மனைப் பார்த்தபடியே, "எல்லாத்துக்கும் சேத்தித்தான் கண்ணு கேக்கறது" என்றார்.

அது அம்மன் சந்நிதியில், தட்டத்துக்கு முன்னால், கைகூப்பிக்கொண்டு சொன்ன வார்த்தை. நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

என்னை முன்னால் தள்ளினார்கள். இரண்டு பச்சைப் பொட்டலம், இரண்டும் ஈரம். எனக்கு விவரம் தெரியாது என்று எல்லாரும் நம்பினார்கள். எனக்கு ஒரு விவரம் நன்றாகத் தெரிந்திருந்தது, வெள்ளை வர வேண்டும். ஆனால் எது வெள்ளை என்று தெரிய வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு இடது பக்கத்தில் இருந்ததை எடுத்தேன். பூசாரி நாரை அவிழ்த்தார். வெள்ளை அரளி.

பெரியம்மா குலவையிட்டாள். மாமா, சாமியே சொல்லிவிட்டது, அப்புறம் என்ன என்றார். பெரியப்பா என் தலையில் கைவைத்து, நல்ல ராசியான கை என்றார். அவர் கை கனமாக இருந்தது.

திரும்பும்போது புளியம்பட்டியில் வண்டியை நிறுத்தச் சொல்லி அக்கா எனக்குக் கரும்பு ஜூஸ் வாங்கிக் கொடுத்தாள். தானும் ஒரு டம்ளர் குடித்தாள், உதட்டின்மேல் நுரையோடு சிரித்தாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள், எந்தப் பேப்பர், என்ன கனம், கார்டுக்குப் பளபளப்பு வேண்டாம், சொரசொரப்பாக இருந்தால்தான் கையில் நிற்கும். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. முன்சீட்டில் பெரியப்பாவும் மாமாவும் ஒரு வார்த்தை பேசவில்லை. அலைச்சல், களைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவே சிடியை எடுத்துக்கொண்டுபோய்ப் பிரஸ்ஸில் கொடுத்தாள். மறுநாள் பெரியப்பா அந்தப் பிரஸ்காரருக்குப் போன் செய்தார். இது எனக்குக் கல்யாணமாகி வந்தபின் அம்மா சொல்லித்தான் தெரியும். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். மூன்றாவது வரியை மட்டும் எடுத்துவிடுங்கள், மற்றதில் கை வைக்க வேண்டாம், அது சாமி ஒத்துக்கொண்ட டிசைன் என்றாராம். எடுத்தால் அந்த இடம் மொட்டையாக நிற்கும், மற்ற இரண்டு வரியைக் கொஞ்சம் இறக்கட்டுமா என்று பிரஸ்காரர் கேட்டிருக்கிறார். அசைக்க வேண்டாம், இடம் அப்படியே கிடக்கட்டும் என்றாராம். எல்லாத்துக்கும் சேர்த்துத்தானே பூக் கேட்டீர்கள் என்று அம்மா என் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். சாமி தொழிலுக்குத்தானே வாக்குக் கொடுத்தது, பேருக்கா கொடுத்தது, கட்டிக்கொடுக்கிற பிள்ளையின் பேரைப் போட்டுவிட்டு நாளைக்கு மறுபடியும் அச்சடிக்க முடியுமா என்று அண்ணன் சொல்கிறார் என்றாராம் அப்பா. 'அண்ணன் சொல்கிறார்'. வேறென்ன சொல்வார் அந்த மனுஷன்.

அம்மன் பொய் சொல்லவில்லை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அம்மன் கொடுத்ததில் தங்களுக்கு வேண்டியதை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு வந்தவர்கள் இவர்கள்.

ஆனால் அச்சாகி வந்த அன்று எனக்கு இது எதுவும் தெரியாது. பண்டல்களைக் கொண்டுவந்து ஹாலில் இறக்கினார்கள். முதல் கட்டைப் பிரித்து, மேலே இருந்த லெட்டர்ஹெட்டுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் வைத்து, சாமி அறையில் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். வீடெல்லாம் புது மை வாசம். மாமா வந்திருந்தார். நீலம் இவ்வளவு நன்றாக வரும் என்று தான் அப்போதே சொன்னதாகச் சொன்னார். பெரியப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காகிதத்தை நீட்டி, எம் புள்ள போட்டதுங்க என்று காட்டினார். பொய்யில்லை, உண்மையான பெருமைதான். அதற்குத்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, எவ்வளவு காத்தோட்டமா இருக்குது என்றார். அந்த வெள்ளை இடத்தைத்தான் எல்லாரும் புகழ்ந்தார்கள்.

கட்டைப் பிரிக்கும்போது ஒரு தாளை எடுத்துப் பார்த்துவிட்டு மாடிக்குப் போன அக்கா திரும்ப இறங்கி வரவில்லை. நான் ஒரு லெட்டர்ஹெட்டை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. அவள் அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் காகிதத்தை மேஜைமேல் விரித்து வைத்தேன். அப்போதுதான் அடியில் கவனித்தேன். முதல் வரி இருந்தது. இரண்டாவது வரி இருந்தது. மூன்றாவது வரியைக் காணோம். உடனே எனக்கு நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்துவிட்டேன். பெயர்தான் இல்லை, அதற்கான இடம் இருந்தது. இரண்டு பெயரும் மேலே தள்ளி இருக்க, அவற்றுக்கு அடியில் சரியாக ஒரு வரி அளவுக்கு வெள்ளை. மறந்திருந்தால் இடம் விடுவார்களா?

"பிரஸ்ல வுட்டுப்போட்டாங்க அக்கா. ஆனா உனக்கு எடம் வுட்டு வெச்சிருக்காங்க பாரு, அடுத்த தடவைக்கு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மேஜையிலிருந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அந்த வெள்ளை இடத்தின்மேல் வைத்தாள். மேலிருந்து கீழே அளந்தாள். பக்கவாட்டில் அளந்தாள். எப்போதும் அளக்கிற மாதிரியே, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நிதானமாக.

"ஒரு பேரு தாராளமா உக்காரும் கண்ணு" என்றாள்.

நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். நான் சொன்னதைத்தானே அவளும் சொல்கிறாள்.

கீழே ஹாலில் பண்டல்களுக்கு நடுவில் சோபாவில் படுத்துக்கொண்டு அண்ணன் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். இன்ஜினியரிங் முதல் வருஷம், அதற்குள்ளேயே அரியர். பவுண்டரிக்கு அவன் போனால் வண்டிச் சாவி வாங்கத்தான் போவான். யாரோ சிக்ஸர் அடித்திருக்க வேண்டும், அவன் கைதட்டுகிற சத்தம் மாடிவரைக்கும் கேட்டது. பெரியப்பா அவனைத் திட்டவில்லை. காலை மட்டும் எடுக்கச் சொன்னார், பேப்பர் கசங்கிவிடும் என்று.

அக்கா ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, சத்தம் வந்த பக்கம், மாடிப்படியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரோ வருகிறார்கள் போலிருக்கிறது என்று நானும் எட்டிப் பார்த்தேன். படியில் யாரும் இல்லை. யாரும் வரவில்லை அக்கா என்று அவளிடம் சொன்னேன்.